50 லிட்டர் மலைப் பை: சுமையில் தேறியது, மணலில் திணறியது

கர்நாடகத்தில் கும்டாவிலிருந்து கோகர்ணத்துக்குக் கடலோரக் குன்றுகளில் ஏறி இறங்கிப் போகிற மாதிரியான நடைக்கென்றே விற்கும் பை இது. வாங்கும் டெல்டாக்காரர்கள் ஊரிலேயே சோதித்துவிடலாம். குன்றுக்கு எங்கே போவது? கோடியக்கரையில் மேடு என்று சொல்லிக்கொள்ளும் ராமர் பாதமே சுமார் 4 மீட்டர்தான்! ஆனால் மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் பஞ்சமில்லை. பையைத் தின்பதும் அவைதான்.

சுமை தாங்குவதில் குறையில்லை. முதுகுப்பக்கம் அலுமினியப் பட்டி, உள்ளங்கை அகல இடுப்புப் பட்டை. 11 கிலோ ஏற்றியும் தோள் கடுக்கவில்லை. மாட்டும் வரிசைதான் முக்கியம். எல்லா வாரையும் தளர்த்தி, பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்குங்கள். பிறகு தோள்வார், கடைசியில் நெஞ்சு வார். தோள்வாரை முதலில் இழுத்தால் பாரமெல்லாம் கழுத்துக்கு வரும். 4 லிட்டர் தண்ணீர் என்றாலே 4 கிலோ. அது முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். உச்சியில் வைத்தால் இறக்கத்தில் பை ஆளை முன்னால் தள்ளும்.

சொதப்பல் ஜிப்பில். பல்லுக்குள் மணல் போனதும் ஓட்டி (இழுத்து மூடும் துண்டு) சிக்குகிறது. பலங்கொண்டு இழுத்தால் அதன் வாய் விரிந்துவிடும். அப்புறம் முன்னால் மூட மூடப் பின்னால் பிளக்கும். இழுக்காதீர்கள். பழைய பல் பிரஷால் தட்டி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும். வாய் விரிந்தே போயிருந்தால் குறட்டால் இரண்டு பக்கமும் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக நெரிக்க வேண்டும். ஓங்கி நெரித்தால் ஓட்டி உடையும்.

மழை உறையை நம்ப வேண்டாம். ஐப்பசி அடைமழையில் முதுகுப்பக்கமாக வழியும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது. கனமான பிளாஸ்டிக் பையை உள்ளே விரித்து, துணிகளைப் போட்டு, வாயை முறுக்கி மடித்தால் போதும்.

அளவு பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். தலை குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் பிடியுங்கள். அந்த நீளத்துக்குக் குட்டையான பையில் இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறி நிற்கும்.

கூடவே ஒன்று: கொள்ளிடக் கரையில் நாள்பூரா நடந்தாலும் தொடை இறக்கத்துக்குப் பழகாது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும். மாடிப்படியில் பையோடு இறங்கிப் பழகுங்கள். முதல் வாரம் 5 கிலோ போதும்.