புது வீட்டில் பாட்டு: சுவருக்குள் கம்பியா, அறைக்கொரு வைஃபை ஸ்பீக்கரா?

தஞ்சாவூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. கீழே கூடம், சமையலறை, அம்மாவின் அறை. மாடியில் சிறிய கூடம், இரண்டு படுக்கையறைகள், ஒரு பால்கனி. எந்த மூலையில் இருந்தாலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது வீட்டுக்கு வரைபடம் போட்ட நாளிலிருந்தே என் ஆசை. அதே வருடம் தம்பியும் கோயம்புத்தூரில் வீடு கட்டினான். அவன் அறைக்கு ஒன்றாக வைஃபை ஸ்பீக்கர் வாங்கி வைத்தான். நான் சுவருக்குள் கம்பி இழுத்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரியில் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்தேன். இரண்டு வீட்டிலும் மாறி மாறித் தங்கிப் பழகியபின் எழுதுகிறேன். என் சாய்வு கம்பியின் பக்கம்தான்.

வைஃபை ஸ்பீக்கரின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சுவரை உடைக்க வேண்டாம், பிளக் பாயின்ட் இருந்தால் போதும், வீடு மாறினால் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் பூச்சு வேலை முடிந்துவிட்டவர்களும் மேற்கொண்டு யோசிக்காமல் அதையே வாங்கலாம். ஒரே நிறுவனத்தின் ஸ்பீக்கர்களாக இருந்தால் எல்லா அறையிலும் பிசகாமல் ஒன்றாகவே பாடும். இரண்டு மூன்று நிறுவனங்களுடையதைக் கலந்து வைத்தால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடக்கும்போது எதிரொலி போலக் கேட்கும். ஒலித் தரத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. தம்பி வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஸ்பீக்கர் என் சமையலறை ஸ்பீக்கரைவிட நன்றாகவே பாடுகிறது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பைப், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆனது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் தனி. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் செலவழித்திருக்கிறோம். நாளைக்கு வீட்டை விற்றால் இந்தக் கம்பிக்காக யாரும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரப்போவதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஆயுள். வீடு நாற்பது, ஐம்பது வருடம் நிற்க வேண்டிய பொருள். வைஃபை ஸ்பீக்கர் என்பது உள்ளே ஒரு கணினி உட்கார்ந்திருக்கும் பெட்டி. அதன் ஒலிக்கூம்பு நன்றாக இருக்கும்போதே மென்பொருள் மூப்படைந்துவிடுகிறது. இது வெறும் பயம் என்று நினைப்பவர்கள் கடந்த சில வருடங்களைத் திரும்பிப் பார்க்கலாம். வீடு முழுக்கப் பாட்டு என்றாலே பலர் முதலில் சொல்லும் பெயர் சோனோஸ். அந்த நிறுவனம் 2020 ஜனவரியில், தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு மென்பொருள் மேம்பாடு கிடையாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். கடைசியில் பழையவற்றுக்கு ஒரு செயலி, புதியவற்றுக்கு ஒரு செயலி என்று பிரித்தார்கள். 2024 மே மாதத்தில் அதே நிறுவனம் செயலியை முழுவதுமாக மாற்றியபோது, அலாரமும் தூங்கும் நேர டைமரும்கூடச் சில காலம் காணாமல் போயின. 2025 ஜனவரியில் அதன் தலைமை அதிகாரி பதவி விலகினார். சாதாரண ஸ்பீக்கரில் செருகி வைஃபையில் பாட வைக்கும் கூகுளின் சிறு கருவி குரோம்காஸ்ட் ஆடியோ 2015-ல் வந்தது, 2019 தொடக்கத்தில் தயாரிப்பே நின்றுவிட்டது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் அந்தக் கருவிகள் ஒரே நாளில் ஊமையாகின. சரிசெய்து கொடுக்கச் சில நாட்கள் பிடித்தன. கருவியில் ஒரு திருகுகூடப் பழுதில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

தம்பி வீட்டில் நடந்தது இன்னும் சின்ன விஷயம். போன வருடம் இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினான். ரவுட்டர் மாறியது, கடவுச்சொல் மாறியது. ஐந்து ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. ஒன்று மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. அவன் மாமனார் விடியற்காலைப் பாட்டுக்குப் பழைய டிரான்சிஸ்டரை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

செம்புக் கம்பிக்கு இந்த வியாதி எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் கெட்டால் ஊரிலேயே பழுதுபார்க்க ஆள் உண்டு. பாட்டை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் சின்னப் பெட்டி பத்து வருடத்தில் செத்துப்போனால் அதை மட்டும் மாற்றிவிடலாம். சுவருக்குள் இருப்பதும் சுவரில் மாட்டியிருப்பதும் அப்படியே இருக்கும். நாங்கள் சின்ன வயதில் பார்த்த ஊராட்சி வானொலி அறையும் இதே ஏற்பாடுதான்: ஓர் அறையில் ஒரு பெட்டி, தெருக்கோடிக் கம்பங்களில் ஒலிபெருக்கிக் குழாய்கள், நடுவில் கம்பி. பெட்டி எத்தனை முறை மாறினாலும் குழாய்கள் பாடிக்கொண்டே இருந்தன.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். தம்பி வீட்டில் ஐந்து ஸ்பீக்கருக்கான பிளக் பாயின்ட்டுகளும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தாக வேண்டும். அவன் இரண்டை மட்டும்தான் சேர்த்திருந்தான், மற்றவை மின்சாரம் வந்தபின் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். என் வீட்டில் அந்த அலமாரி ஒன்றுக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்தது போதுமானதாக இருந்தது.

ஆனால் கம்பிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முடிவைத் தளம் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் மாலை நானும் எலக்ட்ரீஷியனும் சென்ட்ரிங் பலகை மேல் ஏறி நின்றோம். தளத்துக்கான இரும்புக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். விளக்கு, ஃபேன் பைப்புகளுக்கு நடுவே பாட்டுக்கென்று ஏழு பைப்புகளை வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினார். "அண்ணா, பாட்டுக்கு இத்தனை பைப்பா?" என்று இரண்டு முறை கேட்டார். சிமெண்ட் பால் இறங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வாயிலும் காகிதத்தைத் திணித்து டேப் சுற்றினோம். அப்படியும் பால்கனிக்குப் போன பைப் மறுநாள் கான்கிரீட் கொட்டும்போது எங்கோ நசுங்கிவிட்டது. கம்பி பாதியோடு நின்றுபோனது. அந்த ஒரு லைனைச் சுவரோரம் கேசிங் வைத்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்னும் கண்ணை உறுத்துகிறது. தளத்தோடு போகாத பைப்புகளைப் பூச்சுக்கு முன் சுவரில் காடி வெட்டிப் பதித்தோம். புட்டி பார்த்து, பெயின்ட் அடித்தபின் அதே வேலையைச் செய்வதென்றால் கொத்தனார், பெயின்டர், தூசி என்று செலவும் சலிப்பும் பலமடங்காகிவிடும்.

கம்பியின் தடிமனில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 15 மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலே மின்தடை கிட்டத்தட்ட 0.4 ஓம் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 5 சதவீதம். அதைத் தாண்டவிடாமல் இருப்பது நல்லது. அதனால் கீழே ஒன்றரை, மாடிக்கு இரண்டரை என்று போட்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அலமாரியிலிருந்து தனிக் கம்பி போக வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்து இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகச் சேர்த்தால் சுமை 4 ஓமாகக் குறைந்து ஆம்ப்ளிஃபயரிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், சில ஆம்ப்ளிஃபயர்கள் அதைத் தாங்காது. வீட்டு மின்கம்பி போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

சமையலறையிலும் அம்மாவின் அறையிலும் சுவரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்தோம். உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அது வழக்கமான ஸ்விட்ச் பெட்டியில் நுழையவில்லை, ஆழமான பெட்டி பதிக்க வேண்டியிருந்தது. இந்த வீட்டில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. அம்மாவுக்கு 74 வயது. தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் கேட்க வேண்டும் என்றால் புறங்கையால் திருகை ஒரு தள்ளுத் தள்ளுகிறார், பாட்டு இறங்குகிறது. அதன் வெள்ளைப் பட்டையில் மஞ்சள் கறை படிந்துவிட்டது. தம்பி வீட்டில் இருக்கும்போது அதே அம்மா, "அதை யாராவது கொஞ்சம் குறையுங்கள்" என்று குரல் கொடுப்பார். பெட்டியிடம் வாயால் சொன்னால் போதும் என்று பேரன் கற்றுக்கொடுத்தான். அவருக்கு அது கடைசிவரை கூச்சமாகவே இருந்தது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இருக்கும் 100 வோல்ட் லைன். மெல்லிய கம்பியிலேயே வெகுதூரம் போகும், ஒரே லைனில் பல ஸ்பீக்கர்களைத் தொடுக்கலாம். தோட்டம், தென்னந்தோப்பு என்று நீண்ட இடம் இருப்பவர்களுக்கு நல்லது. நான் வீட்டுக்கு அதை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மலிவானதாக இருந்தால் மிருதங்கத்தின் அடிநாதம் கரைந்துவிடுகிறது. மண்டபத்தில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன், வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை.

என் அனுபவம் இரண்டு வருடத்துக்குத்தான். பால்கனி ஸ்பீக்கர் இரண்டு மழைக்காலத்தைத் தாங்கியிருக்கிறது, மூன்றாவதற்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஜிப்சம் கூரைக்குள் பதிக்கும் வட்ட ஸ்பீக்கர்களை நான் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் பொய்க்கூரை இல்லை, வெறும் கான்கிரீட் தளத்தில் அவற்றைப் பதிக்க இடமும் இல்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் ஒற்றை ஸ்பீக்கரே போதும், இடமும் வலமும் கலந்த ஒலியாக அனுப்பினால் சரி. ஜோடி ஸ்பீக்கர் உட்கார்ந்து கேட்கும் கூடத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

வைஃபை பக்கமே போகிறவர்களும் பூச்சுக்கு முன் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வெறும் பைப்பையாவது போட்டு, பின்னாளில் கம்பியை இழுக்க உள்ளே ஓர் இழுகம்பி விட்டு, வாயை மூடி வையுங்கள். நான் ஒவ்வொரு பைப்புக்கும் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்துப் புகைப்படம் எடுத்து வைத்தேன். போன மாதம் கூடத்தில் திரைச்சீலைக்குத் துளையிட வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆணி அடிக்கும் இடத்தை நான்கு அங்குலம் தள்ளிக் குறித்துக்கொண்டார்.