பதநீரா, கருப்பட்டியா, கற்கண்டா? எங்கள் பனை விளையில் எது கட்டுபடியாகிறது

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் பனை வைத்திருக்கும் வீடுகளில் தை பிறந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். இந்த வருசம் பதநீராகவே விற்றுவிடலாமா, கருப்பட்டி காய்ச்சலாமா, பனங்கற்கண்டுக்குப் போகலாமா? எங்கள் வீட்டில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம். அப்பா 40 மரம் ஏறுகிறார், பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அம்மாவும் நானும். கூலிக்கு ஆள் கிடையாது. இப்படி வீட்டு ஆட்களை வைத்தே நடக்கும் விளைக்கு எது சரிவரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதநீரில் அடுப்பு வேலை இல்லை, காசு அன்றைக்கே கைக்கு வரும். சிக்கல் நேரம்தான். மரத்தில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும், வெயில் ஏற ஏற ருசி மாறத் தொடங்கிவிடும். சுண்ணாம்பைக் குறைத்தால் இனிப்பு நன்றாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் புளித்துவிடும். புளித்தால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ரோட்டோரத்தில் ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்து மதியத்துக்குள் தீர்த்தால்தான் உண்டு. தீராத நாளில் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு விடிலிக்குத்தான் ஓட வேண்டும்.

கற்கண்டு இதற்கு நேர்மாறு. மூன்றிலும் நல்ல விலை அதற்குத்தான். பதநீரைத் தெளிய வைத்து வடிகட்டி, கருப்பட்டிப் பதம் வருவதற்கு முன்பே பாகை இறக்கி, நூல் கட்டிய பானையில் ஊற்றி அசைக்காமல் வைக்க வேண்டும். குறைந்தது 40 நாள். அதுவரை உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டு வருசத்துக்கு முன்னால் நாங்கள் ஊற்றிய நான்கு பானையில் ஒன்றில் பாகு அப்படியே பாகாகவே நின்றது. பதம் கொஞ்சம் இளகலாக இறக்கிவிட்டோம், அவ்வளவுதான் தப்பு. அன்றைக்கு அம்மா ஒன்றும் பேசவில்லை, பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். அரிசிக் கடன் இருக்கும் வீடு 40 நாள் காத்திருந்து அப்புறம் இப்படி ஒரு பானையைத் தாங்காது.

கருப்பட்டிக்கு வருகிறேன். 8 முதல் 10 லிட்டர் பதநீர் சுண்டினால் ஒரு கிலோ கிடைக்கும். காய்ச்ச மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு விதையில் ஒரு சிட்டிகை தூவினால் நுரை அடங்கிவிடும். விறகுக்குக் காய்ந்த ஓலையும் மட்டையும் விளையிலேயே விழுகின்றன, போதாததற்குச் சீமைக்கருவேலம் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடம்தான் முழுக் கைவேலை. அம்மா பாகில் ஒரு சொட்டெடுத்துத் தண்ணீரில் விடுவார். அது கரையாமல் விரலில் உருண்டு வந்தால் சட்டியை இறக்கித் துடுப்பால் கிண்டத் தொடங்குவார். நிறம் மங்கி, ஓரத்தில் லேசாக மணல் மாதிரி தட்டும்போது சிரட்டையில் ஊற்ற வேண்டும். அரை நிமிடம் பிந்தினால் சட்டியிலேயே இறுகிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்த நாளில் இந்தப் பதமே வராது, எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுவென்று இருக்கும். ஆக, நல்ல கருப்பட்டி மரத்து மேலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அப்புறம், கருப்பட்டி காத்திருக்கும். ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் புகை ஈரத்தை அண்டவிடாது. சித்திரையில் காய்ச்சியதைக் கார்த்திகை மழையில் விலை ஏறும்போது விற்கலாம். பதநீரில் இது நடக்காத காரியம்.

போன வருசம் ஒரு வியாபாரி, சட்டியில் கொஞ்சம் சீனி போட்டால் எடை கூடுமே என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அவருக்குச் சரக்குக் கொடுக்கவில்லை. சீனி கலந்ததை உடைத்துப் பாருங்கள், உள்ளே மினுமினுக்கும். கலக்காதது மங்கலாக இருக்கும், நாக்கில் லேசான கரிப்பு தெரியும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கும் கிடைத்துவிட்டது. சாயல்குடிக் கருப்பட்டிக்கும் அப்படி ஒரு பெயர் நிலைக்க வேண்டும் என்றால் இந்தச் சீனியை நாம் விட்டே ஆக வேண்டும்.

ஒரு விசயம் மூன்றுக்கும் பொது. பெண் பனையில் பாளையெல்லாம் பதநீருக்காகச் சீவிவிட்டால் அந்த வருசம் நுங்கும் இல்லை, விதையும் இல்லை. பனை பலன் தர 15, 20 வருசம் ஆகும் என்பதால் இந்த இழப்பு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. விளையில் நடுவயது மரங்களே குறைந்துபோனதை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம்.

இந்த வருசம் இரண்டு பானை மட்டும் கற்கண்டுக்கு, பங்குனி வெயிலில் ரோட்டோரம் கொஞ்சம் பதநீர், மீதி எல்லாம் கருப்பட்டி. கடல் பக்க வரிசையில் 6 பெண் பனையை அப்பா ஏறவே இல்லை. அவற்றின் பழம் ஆவணியில் விழும், கொட்டையை ஊன்ற வேலியோரம் குழி எடுத்து வைத்திருக்கிறோம்.