நீஸிலிருந்து ஒரு நாள்: மான்ட்டோனா, ஆன்டீப்பா?

தெற்கு பிரான்ஸில் நீஸ் நகரில் தங்குகிறவர்களுக்கு மூன்றாம் நாளே அந்தக் கூழாங்கல் கடற்கரை அலுத்துவிடும். உள்ளூர் ரயில் பிடித்தால் மேற்கே ஆன்டீப், கிழக்கே இத்தாலி எல்லையை ஒட்டி மான்ட்டோன். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கக் கிளம்பினால் இரண்டுமே அரைகுறைதான்.

ரயில் பயணத்தில் மான்ட்டோனுக்குப் போட்டியே இல்லை. சுமார் 40 நிமிடம். வலப்பக்கம் ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். சுரங்கம், கடல், மறுபடி சுரங்கம், மறுபடி கடல் என்று போகும். வில்ஃபிரான்ஷ் விரிகுடா வரும்போது பேச்சு தானாக நின்றுவிடும். ஆன்டீப் இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆன்டீப்பின் பலம் பிக்காசோ. 1946-ல் கடலோரக் கிரிமால்டி கோட்டையில் இடம் கொடுத்தார்கள். இரண்டு மாதம்போல அங்கேயே வரைந்தார். போகும்போது 23 ஓவியங்களையும் 44 கோட்டோவியங்களையும் விட்டுவிட்டுப் போனார். வரைந்த இடத்திலேயே அவற்றைப் பார்ப்பது தனி அனுபவம். ஆனால் இப்போது பிக்காசோ அருங்காட்சியகமாக இருக்கும் அந்தக் கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கோடை தவிர்த்த மாதங்களில் சந்தையும் அன்று கிடையாது. திங்களன்று போனால் துறைமுகத்தில் அடுத்தவர் சொகுசுப் படகுகளை எண்ணிவிட்டு வரலாம்.

மான்ட்டோனில் ஊரே காட்சி. மஞ்சளும் காவியுமாக வீடுகள் குன்றின்மேல் அடுக்கடுக்காக ஏறுகின்றன. 1848 வரை இது மொனாக்கோவின் ஊர். 1861-ல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது. படியேறினால் புனித மிக்கேல் பேராலயம், அதற்கும் மேலே கல்லறைத் தோட்டம். ரக்பி உலகக் கோப்பைக்குப் பெயர் கொடுத்த வெப் எல்லிஸ் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். மூட்டுவலிக்காரர்கள் பேராலயத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பின்னால் நிற்கும் மலைகள் குளிர்காற்றைத் தடுப்பதால் எலுமிச்சை செழித்து வளர்கிறது. பிப்ரவரியில் அதற்கென்றே திருவிழா. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் சொக்கா இந்தக் கரையோரம் முழுக்கக் கிடைக்கும். மிளகுத்தூள் தூவிச் சூடாகத் தின்றால் நம்மூர் கடலைமாவு தோசைக்குத் தூரத்து உறவு என்று தெரியும். ஆறினால் சவசவ.

சரி, கடலில் இறங்கவேண்டும் என்றால்? இங்கே ஆன்டீப் முந்துகிறது. மதிலை ஒட்டிய கிராவெட் கடற்கரையில் மணல் இருக்கிறது, ஆழமும் குறைவு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் அங்கே போகலாம். மான்ட்டோனில் பெரும்பாலும் கல்தான்.

இருந்தாலும் நான் மான்ட்டோனுக்கே டிக்கெட் எடுப்பேன். திரும்பும் வழியில் வில்ஃபிரான்ஷில் இறங்கினால் ஸ்டேஷனுக்குக் கீழேயே மணல் கடற்கரை. பையில் ஒரு துண்டு மட்டும் இருக்கட்டும்.