ஒழுங்கைக்கு எது பொருந்தும்: ஒருவழியா, ஒருபக்கத் தரிப்பா?

திருகோணமலை நகருக்குள் பல ஒழுங்கைகள் சைக்கிளுக்கும் நடைக்கும் போதுமான அகலம்தான். இப்போது அதிலேயே கார், வான், ஓட்டோ எல்லாம் நிற்கின்றன. என்ன செய்யலாம் என்று கேட்டால் இரண்டு யோசனை வரும்: ஒருவழிப் பாதையாக்குவது, அல்லது ஒரு பக்கத்தில் மட்டும் வண்டி நிறுத்த விடுவது.

ஒருவழிப் பாதையாக்கினால் இரண்டு வண்டி மூக்கோடு மூக்கு நின்று, யார் ரிவர்ஸ் எடுப்பது என்று முறைக்கும் தொல்லை தீரும். ஆனால் எதிரே ஒன்றும் வராது என்று தெரிந்ததும் வேகம் கூடிவிடும். ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளும், கோட்டைப் பக்கம் உலாவும் மான்களும் அந்த வேகத்துக்குத் தோதானவர்கள் அல்ல. சுற்றிப் போகும் தூரத்துக்கு ஓட்டோக் காசும் ஏறும். மோட்டார் சைக்கிள்காரர் எப்படியும் எதிர்த்திசையில் வருவார், அது வேறு கதை.

ஒருபக்கத் தரிப்புக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 5 மீற்றர் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது ஏறக்குறைய 1.5 மீற்றர். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் நுழையாது. ஒரு பக்கம் மட்டும் நின்றால் 3 மீற்றருக்கு மேல் கிடைக்கும். தீயணைப்பு வண்டியே போகலாம். எந்தப் பக்கம் என்ற சண்டைக்கு, ஒற்றைத் திகதியில் ஒரு பக்கம், இரட்டைத் திகதியில் மறுபக்கம் என்ற பலகை இருக்கிறது. (31ஆம் திகதிக்கு அடுத்து 1ஆம் திகதி, இரண்டும் ஒற்றை. அன்று ஒரு பக்கத்து வீட்டாருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.)

என் வாக்கு ஒருபக்கத் தரிப்புக்கே. ஒருவழியைப் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கும் கோவில் தேர் நாட்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.