ராயவரம் போக ஆந்திரா பெர்மிட்

எங்கள் டொராண்டோ ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் முதலில் பாடிப் பழகுவது அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளைத்தான். அவர் பிறந்த ஊரைப் பார்க்கணும் என்று என் மகள் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மதுரையில் அம்மா வீட்டிலிருந்து ராயவரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மேலூர், திருப்பத்தூர், திருமயம் என்று போனால் விளக்கு வைக்கும் முன் திரும்பிவிடலாம். அதற்கு ஒரு கார் பிடிக்கப் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

முன்பெல்லாம் அப்பா டாக்ஸி ஸ்டாண்டில் போய் நிற்பார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எந்த வழி, ரோடு எப்படி என்று டிரைவர்களே சொல்லிவிடுவார்கள். வாடகையும் அங்கேயே பேசி முடிந்துவிடும். இப்போது டிராவல்ஸ் ஆபீஸ், ஏசி, கம்ப்யூட்டர். புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் தாலுகா, ராயவரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வள்ளியப்பா உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தே போய்ப் படித்த ராமச்சந்திரபுரத்தையும் சேர்க்கச் சொன்னேன். ராமச்சந்திரபுரத்துக்கே இன்னொரு பெயர் கடியாபட்டி; அப்படிச் சொன்னால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த தம்பி தட்டியது ராயவரம், ராமச்சந்திரபுரம் என்ற இரண்டு பெயரை மட்டும். என்னுடையது வெளிநாட்டு நம்பர், ஜிபே கிடையாது. அட்வான்ஸை அண்ணன் மகன் அனுப்பினான். சரி, முடிந்தது என்று வந்துவிட்டோம்.

ராத்திரி பில் வந்தது. முப்பதாயிரத்தை நெருங்கிய தொகை. வாடகை, டோல், மூன்று நாள் டிரைவர் பேட்டா, அதற்குக் கீழே ஆந்திரா பெர்மிட்!

கோதாவரி பக்கம் ஆந்திராவிலும் ஒரு ராயவரம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு ராமச்சந்திரபுரமும் இருக்கிறது. போன் போட்டேன்.

"மேப்ல ரெண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்துல கரெக்டா காட்டுதே மேடம்."

"தம்பி, நான் திருமயம்னு சொன்னேனா இல்லையா?"

"சிஸ்டத்துல ஏத்தியாச்சு. கேன்சல் பண்ணினா சார்ஜ் ஆகும்."

டொராண்டோவில் இப்படி ஆனால் புகாரைத் தட்டி அனுப்பிவிட்டுப் பதில் மெயிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். நம் ஊரில் எதிரே ஒரு ஆள் இருப்பார், வாயைத் திறந்து பேசினால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஆபீஸுக்கே நேரில் போனேன். அந்த ஆளும் திரையை மட்டுமே பார்த்தால் என்ன பிரயோஜனம்? மதுரையில் உட்கார்ந்து வண்டி அனுப்புகிறவருக்குத் திருமயம் தெரியாதா? மலைமேல் கோட்டை, போகிற ரோட்டிலிருந்தே தெரியுமே! எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

காலையில் கார் வந்தது. அறுபதை ஒட்டிய டிரைவர், கையில் மாற்றுத்துணிப் பை. மூன்று நாள் சவாரி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் உடனே ஆபீஸுக்கு போன் போட்டார். "ஏப்பா, இது நம்ம கடியாபட்டி பக்கம். செட்டியார் ஊருப்பா. பொழுது சாய வந்துருவோம், பில்லை மாத்து." அவ்வளவுதான், மாறிவிட்டது. நான் ராத்திரியெல்லாம் தொண்டை வறளக் கத்தியும் நடக்காதது. "ஏறுங்கம்மா, வெயிலுக்கு முன்ன போயிரலாம்" என்றார்.

ராயவரத்தைப் பற்றிச் சொல்லக் குறை எதுவும் இல்லை. பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகளுக்கு நடுவே நடந்தோம். 1922இல் இங்கே பிறந்தவர், 1944இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர், பேங்க் வேலையில் இருந்துகொண்டே வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்காக எழுதியவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். "இவ்வளவு தூரம் வெயில்ல நடந்தா ஸ்கூலுக்குப் போனார்?" என்று மகள் கேட்டாள். டிரைவர் அண்ணன் பள்ளியில் படித்த மாம்பழப் பாட்டை எடுத்துவிட, திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் போட்டி போட்டுப் பாடினார்கள்.

மறுநாள் நாகமலை பக்கம் காமராசர் பல்கலைக்கழகம். 1989 மார்ச்சில் அங்கே நடந்த கூட்டத்தில்தான், குழந்தை இலக்கியத்தைத் தனிப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்த வள்ளியப்பா மயங்கிச் சரிந்தார். அதுவே அவருடைய கடைசிப் பேச்சு. மதுரையிலேயே வளர்ந்த எனக்கு இதைப் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. பிறந்த ஊரைவிட இந்த இடம்தான் என்னை அதிகம் உலுக்கியது.

போகிறவர்களுக்கு ஒன்று: வண்டி பேசும்போது ஆபீஸில் முடிக்காதீர்கள். டிரைவர் நம்பரை வாங்கி, "கடியாபட்டி பக்கம் ராயவரம்" என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.

கூடக் கட்டிய அட்வான்ஸ் ஒரு வழியாகத் திரும்பி வந்தது. அவர்கள் தப்பால் டிரைவர் இழந்த பேட்டாவை யார் தருவது என்று கேட்டேன். "ட்ரிப்பே நடக்கலையே மேடம்" என்றார்கள். அந்தப் பணத்தை நாங்களே அவர் கையில் கொடுத்தோம்.