சேஸிஸ் விறைப்பாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை: என் மூன்றே முக்கால் லட்சம் போனது இப்படித்தான்

மூன்றே முக்கால் லட்சம். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது, வண்டியும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. நேற்று மாலையோடு அந்தப் பட்டறைக்காரர் என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், வளைவுகளில் இன்னும் நன்றாகப் போக வேண்டும் என்று சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கை வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். வேலை கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

என் வண்டி டிரையம்ஃப் டிஆர்6. 1969 முதல் 1976 வரை வந்த மாடல். பாடி தனி, சேஸிஸ் தனி. மேலே கூரை கிடையாது. கூரை உள்ள காரில் தூண்களும் கூரையும் சேர்ந்து முறுக்கைத் தாங்கும். இதில் அந்தப் பாரம் முழுக்க சேஸிஸ் மேல்தான். மோசமான ரோட்டில் ஒரு வளைவை வேகமாக எடுத்தால் டாஷ்போர்டு ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமும் ஆடும், முன் கண்ணாடிச் சட்டம் நடுங்கும். சேஸிஸ் முறுக்கிக்கொண்டால் அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். அந்த ஆட்டத்தை அடக்க டேம்பரும் கிடையாது. நீங்கள் முன்னால் எவ்வளவு தடித்த ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டாலும் அது சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டிய வேலையில் ஒரு பங்கை சேஸிஸ் முறுக்கே விழுங்கிவிடும். அதனால் சஸ்பென்ஷனைத் தொடுவதற்கு முன்னால் சேஸிஸைச் சரி செய்ய நினைத்தேன். அந்த வரிசை சரியானது, இப்போதும் அதையேதான் சொல்வேன்.

இந்த மாடலுக்கென்று தெரிந்த பலவீனங்கள் உண்டு. முன்னால் கீழ் விஷ்போன் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கை) மாட்டும் பிராக்கெட்டுகள் சேஸிஸிலிருந்து பிய்ந்து வரும். பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் பிராக்கெட்டுகள் விரிசல் விடும். பின் டிரெய்லிங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கை) மாட்டும் இடத்தில் சேறும் தண்ணீரும் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். டிஆர்6 சேஸிஸை வலுப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் இந்த மூன்று இடத்தையும் தொடாமல் அது வேலையே இல்லை. இதை நான் அந்தப் பட்டறையிலும் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே மூன்றையும் வரிசையாகச் சொன்னார்.

அங்கேதான் நம்பிக்கை வந்தது. பழைய கார்களை மட்டுமே எடுத்துச் செய்யும் பட்டறை அது. ஆன்லைனில் வீடியோ, படங்கள் எல்லாம் நிறையப் போடுவார்கள். ஆனால் வீடியோவைப் பார்த்து நான் பணம் கொடுக்கவில்லை. அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, முன் பக்கம் ஒரு மூலையில் மட்டும் ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றினார். என்னைக் கூப்பிட்டுக் கதவின் பின் விளிம்பில் விரல் நகத்தை வைக்கச் சொன்னார். ஜாக்கி ஏற ஏற அந்த இடைவெளி மாறுவது நகத்திலேயே தெரிந்தது. "பாத்தீங்களா சார், இதுதான் உங்க வண்டியோட வியாதி. இத விட்டுட்டு ஷாக் மாத்தினா காசுதான் போகும்" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மூன்று பக்கம் மட்டும் உள்ள திறந்த சேனலுக்கும், நான்காவது பக்கத்தையும் மூடிய பெட்டிக்கும் முறுக்கைத் தாங்குவதில் எவ்வளவு வித்தியாசம் என்று காகிதத்தில் போட்டே காட்டினார். 100க்கு 50 மில்லிமீட்டர், 3 மில்லி தகடு என்று வைத்துக்கொண்டால் மூடிய பெட்டி சுமார் 500 மடங்கு விறைப்பு. நான் பிறகு தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. இவ்வளவு தெரிந்த மனிதர் வேலையைச் சரியாகச் செய்வார் என்று யாருக்குத்தான் தோன்றாது? குறுக்கே எக்ஸ் வடிவத்தில் பிரேஸ், பின் மவுண்ட்டுகளுக்குப் புதுத் தகடு, விஷ்போன் பிராக்கெட்டுகளுக்கு வலு, எல்லாம் ஜிக்கில் (சேஸிஸ் கோணாமல் இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில்) பூட்டி வெல்டிங் என்று பேசி முடித்தோம். பெயிண்ட் அடிப்பதற்கு முன் நான் வந்து ஒவ்வொரு வெல்டையும் பார்க்க வேண்டும் என்றேன். "கண்டிப்பா சார், நானே கூப்பிடறேன்" என்றார்.

கூப்பிட்டார். பெயிண்ட் அடித்து முடித்த பிறகு. வெறும் இரும்பாக விட்டால் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும் என்பதால் உடனே அடித்துவிட்டார்களாம். போய்ப் பார்த்தபோது அடிப்பகுதி முழுக்கத் தடிமனான கறுப்பு. பாக்கிப் பணம் வந்தால்தான் வண்டி வெளியே வரும் என்றார்கள். மொத்தம் மூன்றே முக்கால் லட்சம் கை மாறியது.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்த அன்றே தெரிந்துவிட்டது. நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. வலது வளைவு ஒரு மாதிரி, இடது வளைவு இன்னொரு மாதிரி. பிரேக் அழுத்தினால் பின்புறம் தனியாக நகர்ந்தது. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் இடைவெளியில் என் விரலே நுழைந்தது. முன்பு அங்கே நகம்கூட இறுக்கமாகத்தான் போகும்.

அலைன்மென்ட் கடையில் வண்டியை ஏற்றியபோது அங்கிருந்த அண்ணன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. திரும்பத் திரும்ப அளந்தார். பின் சக்கரம் ஒன்று வெளியே பார்க்கிறது. இந்த வண்டியில் பின் டோவை, அதாவது சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணத்தை, சரி செய்ய டிரெய்லிங் ஆர்ம் பிராக்கெட்டுக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் வைப்பார்கள், அதைக் கூட்டிக் குறைத்தும் வரவில்லை. கடைசியில் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை டேப் பிடித்தார். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் 14 மில்லி வித்தியாசம். "தம்பி, இது அலைன்மென்ட் பிரச்சினை இல்ல. சேஸிஸே கோணிப்போச்சு. இத ரோட்டுல எடுத்துட்டுப் போகாத" என்றார். வேலைக்குக் கொடுப்பதற்கு முன் அதே கடையில் எடுத்த அளவுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

அப்புறம் அந்தக் கறுப்பைச் சுரண்டிப் பார்த்தோம். எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான். வயர் பிரஷ் போட்டதும் பெயிண்ட் உரிந்தது, அதற்கடியில் வெல்டு மாதிரியே வரிவரியாகத் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கியது. புட்டி, அதாவது பள்ளம் அடைக்கும் பசை. புட்டியை விரலால் தேய்த்து வெல்டு கோடு மாதிரி செய்திருக்கிறார்கள். உண்மையான வெல்டு அங்கங்கே பொட்டுப் பொட்டாக, ஓட்டை ஓட்டையாக இருந்தது. தகட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பழைய அண்டர்கோட் (அடிப்பகுதியில் அடித்த தார்ப் பூச்சு) அப்படியே கருகி நிற்கிறது. சுத்தம் செய்யாமல் துரு மேலும் தார் மேலும் அடித்திருக்கிறார்கள். டிரெய்லிங் ஆர்ம் மவுண்ட்டுகளில் துரு தின்ற இடத்தின் மேலேயே புதுத் தகட்டை மூடிவிட்டிருந்தார்கள். டிஃபரன்ஷியல் பிராக்கெட்டைத் தொடவே இல்லை, பழைய விரிசல் அப்படியே இருக்கிறது. எக்ஸ் பிரேஸ் என்று பேசியது எங்குமே இல்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்திருக்கிறார்கள் என்றால், சேஸிஸில் நீளவாட்டத்தில் ஓடும் இரண்டு ரயில்களுக்கும், அதாவது நீளச் சட்டங்களுக்கும், அடியில் 6 மில்லி தகட்டை ஒட்டியிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு "அடேயப்பா, என்ன தடிமன்" என்று தோன்றும். டிஆர்6 ரயில் ஏற்கெனவே மூடிய பெட்டி. பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் தடிமனாக்கினால் முறுக்கைத் தாங்கும் சக்தி பெரிதாகக் கூடாது, ஏனென்றால் அந்த விசை நான்கு சுவரையும் சுற்றித்தான் ஓடும், மெல்லிய சுவர்கள் மெல்லியதாகவே நிற்கின்றன. எடை மட்டும் ஏறும். 6 மில்லி இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ. போதாததற்கு, தகட்டின் முனையை நேராக வெட்டி ரயிலுக்குக் குறுக்கே ஒரே கோடாக வெல்டு இழுத்திருக்கிறார்கள். தடித்த தகடு சட்டென்று முடிந்து மெல்லிய தகடு ஆரம்பிக்கிற அந்தக் கோட்டில்தான் அடுத்த விரிசல் வரும். முனையைச் சாய்வாகவோ வைர வடிவிலோ வெட்டுவது வெல்டிங் தெரிந்த எவருக்கும் பாலபாடம். தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

கோணல் எப்படி வந்தது என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வெல்டு ஆறும்போது சுருங்கும். ஜிக்கில் பூட்டாமல், சும்மா ஸ்டாண்டு மேல் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மொத்தமாக இழுத்து முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் அந்தச் சுருக்கம் சேஸிஸை இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் எதிர்ப்பக்கம், நடுவில் ஆறவிட்டு என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் என்னிடம் மூன்றே முக்கால் லட்சம் வாங்கினார்கள்.

போன் செய்தேன். முதலில் "புது வேலை சார், கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்" என்றார். சேஸிஸ் என்ன செருப்பா, போடப்போடப் பழகுவதற்கு? அப்புறம் என் டயர் பழசு என்றார். அப்புறம் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார், இதே வாயால்தான் ஷாக் மாற்றினால் காசு போகும் என்று சொன்னார். அளவுச் சீட்டுகள் இரண்டையும் அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள், அவருடைய குரல் உள்ளே கேட்டது. வெல்டிங் செய்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், அதற்கு நாங்கள் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். கடைசியாக வந்த பதில்தான் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது: "நீங்க வெளில பெயிண்ட சொரண்டிட்டீங்க, இனிமே கேரண்டி கிடையாது." புட்டியைக் கண்டுபிடித்தது என் குற்றமாம். பாதிப் பணமாவது திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். பிளாக்.

இப்போது பாடியைக் கழற்றி, அந்தத் தகடுகளை அறுத்தெடுத்து, சேஸிஸை நேராக்க வேறொருவரிடம் கேட்டிருக்கிறேன். முதலில் செய்ய வேண்டியிருந்ததைவிட இது பெரிய வேலை. மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் இன்னொரு செலவு.

எதைப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு முன்னும் பின்னும் மூலைக்கு மூலை குறுக்களவுகளையும் இரண்டு பக்க வீல்பேஸையும் (முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை) மூன்றாவது ஆளை வைத்து அளந்து எழுத்தில் வாங்குங்கள். ஜிக்கைக் கண்ணால் பாருங்கள், உங்கள் சேஸிஸ் அதில் பூட்டியிருப்பதைப் பாருங்கள். வெறும் இரும்பில் வெல்டைப் பார்க்காமல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள், அடித்துவிட்டால் உங்கள் முன்னாலேயே சுரண்டச் சொல்லுங்கள், சுரண்டும்வரை பாக்கிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். தகடு எவ்வளவு தடிமன், எங்கே, முனை எப்படி வெட்டுவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. அந்தப் பட்டறையின் முடித்த வேலைகள் வரிசையில், அடியிலிருந்து எடுத்த டிஆர்6 படம் ஒன்று, பளபளவென்று கறுப்பாக, இன்னும் இருக்கிறது. அது என் வண்டி. அந்தப் படத்தைக் காட்டி யாராவது உங்களிடம் அட்வான்ஸ் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.