13 வருஷம் தோள்ல தொங்குன அஞ்சு ஸ்ட்ரிங் பேஸை குடுக்கப் போறேன்: இதோட சத்தம் எப்படின்னு முழுசா சொல்றேன்

என்கிட்ட இருக்குற மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 பேஸ் கிட்டாரை விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். விலை, கண்டிஷன் எல்லாம் கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி இது எப்படி சத்தம் குடுக்கும்னு ஒழுங்கா எழுதணும்னு ஆசை, ஏன்னா விக்கிறவங்க முக்கால்வாசி பேரு "டோன் சூப்பரா இருக்கும்"னு ஒரு வரி போட்டு விட்டுடறாங்க, லட்ச ரூபாய்க்கு மேல குடுத்து வாங்குறவருக்கு அதுல என்ன தெரியும் சொல்லுங்க.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. மெல்லிசைக் குழுல பேஸ் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கடலூர் ஓ.டி பக்கம் காதுகுத்து, எது வந்தாலும் போவோம். வருஷா வருஷம் ஜூன் மாசம் நம்ம ஊர்ல ஃபெத் தெ லா முசிக் நடக்குமே, தெருவுல நின்னு வாசிக்கிறது, அதுலயும் சில தடவை வாசிச்சிருக்கேன். இந்த பேஸை 2012-ல சென்னைல ஒரு அண்ணன்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்குனேன். 2004 மாடல், அமெரிக்காவுல கலிஃபோர்னியா தயாரிப்பு, ஆஷ் மரம், நேச்சுரல் கலர், கழுத்தும் ஃப்ரெட்போர்டும் மேப்பிள்.

முதல்ல ஏன் அஞ்சு ஸ்ட்ரிங்னு சொல்லிடறேன், ஆர்கெஸ்ட்ரால இருக்கவங்களுக்கு இது உடனே புரியும். நாலு ஸ்ட்ரிங் பேஸ்ல அடி ஸ்ட்ரிங் E, அதாவது மூணு கட்டை (நம்ம சுருதிக் கணக்குல C ஒரு கட்டை, D ரெண்டு, இப்படியே ஏறும்), அதுக்குக் கீழ எடமே கிடையாது. மேடை ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி பாடுறவரு வந்து "மாஸ்டர், தொண்டை கட்டியிருக்கு, ஒரு கட்டை எறக்கிக்கலாம்"னுவாரு, மூணு கட்டை பாட்டு ரெண்டு கட்டைக்கு வந்துடும், கீபோர்டுக்காரர் ஒரு பட்டன தட்டிட்டு பேசாம இருப்பாரு, நாம மட்டும் அந்த D-ஐ மேல் ஸ்தாயில போய் புடிக்கணும், பாட்டோட தரையே காணாம போயிடும். ஆடியன்ஸுக்கு என்ன குறையுதுன்னு தெரியாது, ஆனா ஆடிட்டு இருக்குற பசங்க கால் நிக்கும், நான் கண்ணால பாத்திருக்கேன். அஞ்சு ஸ்ட்ரிங்ல அடில ஒரு B இருக்கு, ஏழு கட்டை. அதுல மூணாவது ஃப்ரெட்ல, அதாவது கழுத்துல குறுக்க இருக்குற மூணாவது உலோகக் கோட்டுல, அந்த D கெடச்சுடும், ஒண்ணாவது ஃப்ரெட்ல C, ஒரு கட்டை பாட்டு வரைக்கும் நிம்மதி.

ஆனா அஞ்சு ஸ்ட்ரிங் வாங்குறவங்க ஏமாந்து போற எடமும் இந்த B ஸ்ட்ரிங்தான். நாலு ஸ்ட்ரிங்கோட E 41 ஹெர்ட்ஸ், இந்த B 31 ஹெர்ட்ஸ் கிட்ட. அவ்ளோ மெதுவா அசையுற தடிமனான கம்பி, அதை இழுத்துப் புடிக்கிற கழுத்து கெட்டியா இல்லன்னா லொட லொடன்னு ஆடும், சத்தம் வரும், சுருதி வராது. சில பேஸ்ல இதுக்காக ஸ்கேல் நீளத்தை, அதாவது கம்பி அதிர்ற நீளத்தை, 35 இன்ச் ஆக்கியிருப்பாங்க. ஸ்டிங்ரே 34 இன்ச்தான், கழுத்து பாடியோட சேர்ற எடத்துல ஆறு போல்ட் போட்டு இறுக்கியிருக்காங்க, மேப்பிள் கழுத்து இரும்பு மாதிரி நிக்குது. நான் போடுறது கம்பி தடிமன் 45-ல ஆரம்பிச்சு 130 வரைக்கும் (இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு) போற செட்டு. அதுல B அடிச்சா அது B-தான்னு காதுக்குத் தெரியும். நான் விக்கிறதுல இந்த ஒரு ஸ்ட்ரிங்குக்கே பாதி விலை குடுக்கலாம்னு உண்மையாவே நெனைக்கிறேன்.

சரி, சத்தம். கம்பியோட அதிர்வைப் புடிக்கிற பிக்கப் இதுல ஒரே ஒண்ணுதான், பெரிய ஹம்பக்கர், அதாவது ரெண்டு காயில் சேந்தது, பாடில கம்பிங்க வந்து முடியுற பிரிட்ஜ் பக்கம் தள்ளி இருக்கும். பிரிட்ஜ் கிட்ட கம்பி கொஞ்சமாத்தான் அசையும், அதனால அடி நாதத்தை விட அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு மேல வர்ற ஹார்மானிக்ஸ் தூக்கலா வரும். அதான் இந்த உறுமல். ஓங்கி அடிச்சா "கர்"னு ஒரு பல்லு கடிக்கிற சத்தம் முன்னாடி வந்து, அதுக்குப் பின்னாடியே "தும்"னு ஒடம்பு வரும். ஃபெண்டர் ஜாஸ் பேஸ் மாடல் வாசிச்சுப் பழகுனவங்களுக்கு முதல் நாள் இது முரட்டுத்தனமா தெரியும். எனக்கு ஒரு வாரம் புடிக்கவே இல்ல, அப்புறம் வில்லியனூர் பக்கம் ஒரு கோயில் கச்சேரில ரெண்டு தவிலும் டிரம்ஸும் கீபோர்டும் ஒரே நேரத்துல மோதும்போது என் பேஸ் மட்டும் தனியா கேட்டுது பாருங்க, அன்னிக்குப் புரிஞ்சுது. வீட்ல தனியா கேக்கும்போது அதிகமா தெரியுற அந்த மிட்தான் கூட்டத்துல நம்மள காப்பாத்துது.

B-ல மெதுவா வெரலை வச்சு அடிச்சா மிருதங்கத்து தொப்பி மாதிரி ஒரு ஈரமான கனம் இருக்கும். அதே ஸ்ட்ரிங்ல அஞ்சாவது ஃப்ரெட்லேர்ந்து கீழ இழுத்துட்டு வந்தா உருமி தேய்க்கிற சத்தம், சத்தியமா அதேதான், குத்துப்பாட்டுக்கு அதை வச்சு எத்தனை தடவை கைதட்டல் வாங்கியிருக்கோம். இன்னொண்ணு கவனிச்சேன். ஊர்த் திருவிழாவுல கட்டுற சின்ன ஸ்பீக்கர்ல 31 ஹெர்ட்ஸ் வரவே வராது, ஆனாலும் இந்த பேஸோட B அதுல கேக்கும். அடி நாதம் இல்லன்னாலும் அதோட 62, 93 எல்லாம் தெளிவா வந்துச்சுன்னா நம்ம மூளை அடி நாதத்தை தானா நிரப்பிக்கும். ஹார்மானிக்ஸ் மொத்தையா இருக்குற பேஸ்ல அது நடக்காது, வெறும் கொழகொழப்புதான் மிஞ்சும்.

பாடில நாலு குமிழ், வால்யூம், ட்ரெபிள், மிட், பேஸ். உள்ளயே சிக்னலைத் தூக்கிக் குடுக்குற ப்ரீஆம்ப், அதுக்கு 9 வோல்ட் பேட்டரி. லியோ ஃபெண்டர் டீம் 1976-ல நாலு ஸ்ட்ரிங் ஸ்டிங்ரே கொண்டு வந்தப்பவே ப்ரீஆம்ப உள்ள வச்சுதான் கொண்டு வந்தாங்க, அஞ்சு ஸ்ட்ரிங் 1987-ல வந்துச்சு. நான் பேஸ் குமிழை நடுவுல இருந்து கொஞ்சூண்டு மேல, மிட்டை அப்படியே, ட்ரெபிளை ஒரு சிட்டிகை கீழ வச்சுட்டா ராத்திரி முழுக்க தொடுறதே இல்ல. கூட பிக்கப்போட ரெண்டு காயிலையும் எப்படி இணைக்கிறதுன்னு மாத்துற ஒரு மூணு வழி சுவிட்ச் இருக்கு: சீரிஸ், பேரலல், சிங்கிள் காயில். சீரிஸ்ல வச்சா தடியா வரும், டிரம்மர் வேகமா அடிக்கிற பாட்டுக்கு அது சரி. பேரலல்தான் எல்லாரும் கேட்டுப் பழகுன அந்த பளிச் சத்தம். சிங்கிள் காயில்ல கொஞ்சம் மெல்லிசா, மரத்தோட வாசம் மாதிரி ஒண்ணு வரும், மெலடிக்கு அதுதான் என் சாய்ஸ்.

ராஜா சார் பாட்டுங்கள்ல சசிதரன் சார் வாசிச்ச பேஸ் மாதிரி உருண்டையா, பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு ஓடுற மாதிரி வேணும்னா இதுல வருமான்னு நெறய பேர் கேட்டிருக்காங்க. அப்படியே வராது. கழுத்துப் பக்கம் பிக்கப் இல்லாத பேஸ் இது. ஆனா ட்ரெபிளை நல்லா கொறச்சு, வலது கையை கழுத்து முடியுற எடத்துக்குக் கொண்டு போய், பிரிட்ஜ் கிட்ட ஒரு சின்ன ஸ்பாஞ்சு சொருகி வாசிச்சா பக்கத்துல போயிடலாம். அந்த ஸ்பாஞ்சு கேஸுக்குள்ளயே இருக்கு, அதையும் சேத்தே தரேன்.

நம்ம ஊர் மேடைக்கு இதுல இன்னொரு பெரிய நிம்மதி, ஹம், அதாவது கரண்ட் இரைச்சல், வராதது. ஜெனரேட்டர் லைன், எர்த் சரியில்லாத பந்தல், சுத்தி சீரியல் செட்டு, ட்யூப் லைட்டு, இந்த நெலமைல சிங்கிள் காயில் பேஸை சொருகுனா ஆம்ப் தேனீக்கூடு மாதிரி இரையும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ், E ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட் G 49 ஹெர்ட்ஸ், அஞ்சு கட்டை பாட்டு வந்தா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி அலை அலையா அடிக்கும், அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். ஹம்பக்கர்ல ரெண்டு காயிலும் எதிரெதிரா வேலை செய்யுறதால அந்த இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். சிங்கிள் காயில் பொசிஷன்ல வச்சாலும் உள்ள ஒரு டம்மி காயில் இருக்கு, அது ஹம்மை முழுங்கிடும்.

கடல் காத்து பத்தி சொல்லாம விட முடியாது. நான் இருக்குற எடத்துலேர்ந்து கடல் நடக்குற தூரம். புது ஸ்ட்ரிங் போட்டு துடைக்காம ரெண்டு வாரம் விட்டா பழுப்பேறிடும். நான் வாசிச்சு முடிச்சதும் பருத்தித் துணியால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடிப்பக்கமும் சேத்து துடைச்சுட்டுதான் கேஸ்ல வப்பேன், உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் எப்பவும் நாலு கெடக்கும். கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் கழுத்து லேசா வளையும், எந்த மரமா இருந்தாலும் நம்ம ஊர்ல அப்படித்தான். கழுத்துக்குள்ள ஓடி வளைவைச் சரி பண்ணுற ட்ரஸ் ராட் கம்பியோட சக்கரம் பாடி ஓரத்துல வெளியவே தெரியுது, கழட்ட வேண்டிய அவசியமே இல்ல, ஒரு சின்ன கம்பியை விட்டு கால் சுத்து திருப்புனா போதும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுத்திட்டு ஏழாவது ஃப்ரெட் கிட்ட ஒரு விசிட்டிங் கார்டு நுழையுதான்னு பாருங்க, அதான் என் அளவு.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு எங்க வீட்டு ஹால்ல மொழங்கால் வரைக்கும் தண்ணி. ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஒரு ஆம்ப் எல்லாம் போச்சு. என் வீட்டம்மா முதல்ல பத்திரம் இருக்குற பையைத் தூக்குனா, நான் இந்த கேஸைத் தூக்கி பரண் மேல போட்டேன், அப்புறம்தான் அரிசி மூட்டை ஞாபகமே வந்துச்சு. பேஸ் மேல ஒரு சொட்டு படல. இதை ஏன் சொல்றேன்னா, வெள்ளத்துல ஊறுன பேஸை காய வச்சு விக்கிறாங்கன்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு, வர்றவங்க பின்பக்க மூடியைக் கழட்டி வயரிங் எல்லாம் நல்லா பாத்துக்கலாம்.

குறைன்னு சொல்ல வேண்டியதையும் சொல்லிடறேன். வீட்டு தராசுல 4.6 கிலோ காட்டுது. பாடி பின்னாடி பெல்ட் பக்கிள் உரசுன கீறல் நல்லாவே இருக்கு. கீழ் ஓரத்துல மைக் ஸ்டாண்டு விழுந்து ஒரு பள்ளம். முதல் அஞ்சு ஃப்ரெட்டும் தேஞ்சிருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும், அப்புறம் ராவி ஒரே மட்டமா லெவல் பண்ணிக்கணும். 2016-ல ஒருத்தர்கிட்ட செட்டப்புக்குக் குடுத்து கழுத்தோட மேல் முனைல கம்பிங்க உக்கார்ற நட்டோட பள்ளத்தை ரொம்ப ஆழமா ராவிட்டாரு, திறந்த B அடிச்சா ஃப்ரெட்ல தட்டுச்சு, மனசு ஒடஞ்சு போச்சு, ரெண்டு மாசம் கழிச்சு வேற எடத்துல எலும்பு நட்டு போட்டேன், அதனால நட்டு ஒரிஜினல் கிடையாது. பிரிட்ஜ் ஸ்க்ரூ துருப்புடிச்சு மாத்துனது. G பக்கம் பிக்கப்பை கொஞ்சம் ஒசத்தி வச்சிருக்கேன், என் கைக்கு அப்பதான் எல்லா ஸ்ட்ரிங்கும் சமமா கேக்குது. பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் இடைவெளி 17.5 மில்லிமீட்டர், கட்டை வெரலால கம்பியைத் தட்டி ஸ்லாப் வாசிக்கிற பெரிய வெரல்காரங்க வாசிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஜாக்ல கேபிள் சொருகி இருக்குற வரைக்கும் பேட்டரி ஓடிட்டேதான் இருக்கும், முடிஞ்சதும் உருவிடுங்க, மேடைல பேட்டரி செத்தா சத்தம் மொத்தமா நின்னுடும், கேஸ்ல ஒண்ணு உபரியா இருக்கட்டும்.

விக்கிற காரணம் என் எடது தோள். கழுத்து எலும்புல தேய்மானம், நாலு மணி நேரம் நின்னு வாசிச்சா அடுத்த நாள் கை தூக்க முடியல, தோள்ல மாட்டுற கனத்துல ரெண்டு கிலோவாவது கொறைங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. உக்காந்து வாசிச்சுப் பாத்தேன், கச்சேரில அது ஒத்து வரல. வீட்டுலயே வச்சுக்கலாமேன்னு பையன் கேட்டான். கேஸுக்குள்ள கெடந்து இதோட சத்தம் அடங்குறதை என்னால பாத்துட்டு இருக்க முடியாது, மேடைல ஏத்துறவங்க கைக்குப் போகணும்.

விலை 1,25,000. ஒரிஜினல் ஹார்ட் கேஸ், ஸ்ட்ராப், பிரிக்காத ஒரு செட் ஸ்ட்ரிங் எல்லாம் சேத்து. மேடைல தொடர்ந்து வாசிக்கிறவங்களா இருந்தா ஒரு பத்தாயிரம் கொறச்சுக்குறேன். கூரியர்ல அனுப்ப மாட்டேன், நேர்ல வந்து கைல எடுத்து வாசிச்சுப் பாத்துதான் வாங்கணும். ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு மேல வாங்க, ஆம்ப் போட்டு வைக்கிறேன், முதல்ல அந்த B-ல மூணாவது ஃப்ரெட்டை அடிச்சுப் பாருங்க.